சுருளி முடிக்காத பேரம்

காவல் நிலையத்தில் 'தனியாக வசிக்கும் மூத்த குடிமக்கள்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் சுருளியைப் பற்றி எழுதியிருப்பது இதுதான்: "போடிமெட்டுச் சரிவில் உள்ள தோட்டத்தில் தனியே வசித்து வருகிறார். வெளியார் தொடர்பு குறைவு. எளிதில் ஏமாற்றப்படக்கூடிய நிலையில் உள்ளவர். அறிமுகமில்லாத நபர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டது."

எழுதிக்கொண்டு போன காவலர் ஊருக்குப் புதியவர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வயது என்ற கட்டத்தில் அவர் அறுபத்தைந்து என்று எழுதப் போக, சுருளி அறுபதில் ஆரம்பித்திருக்கிறார். "ஆதார் கார்டுல அறுபத்தஞ்சுன்னுதானே இருக்கு?" என்று காவலர் கேட்டதற்கு, "அது அவுக சொன்ன வெல" என்று பதில் வந்திருக்கிறது. கடைசியில் அறுபத்திரண்டில் வந்து நின்றது. காவலரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ சாதித்துவிட்ட முகத்தோடு கீழே இறங்கினார். ஆகவே பதிவேட்டில் இருப்பது பிறந்த வயது அல்ல, பேசி முடித்த வயது.

சுருளி வேலை பார்த்த காலமெல்லாம் போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்குக் கொள்முதல் ஆளாக இருந்தவர். மலையில் தோட்டம் தோட்டமாக ஏறி, சின்னச் சின்ன விவசாயிகளிடம் காய் வாங்கிக் கீழே அனுப்புவது அவர் சோலி. வாங்குவதைவிட விலை பேசுவதில்தான் அவருக்கு ருசி. தக்காளிக்கும் பேசுவார், தலைமுடி வெட்டுகிறவரிடமும் பேசுவார். மகள் ரேணுகாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது அம்மனுக்குக் கிடாய் வெட்டுவதாக மனைவி காளீஸ்வரி நேர்ந்துகொண்டாள். சுருளி தனியாகக் கோயிலுக்குப் போய் அதைச் சேவலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சர்க்கரைப் பொங்கலுக்கு இறக்கிவிட்டுத் திரும்பினார். அம்மன் ஒத்துக்கொண்டாள் என்பது மறுநாள் காய்ச்சல் இறங்கியதில் தெரிந்தது.

அவர் தொழிலில் இரண்டு வித்தைகள் உண்டு. ஒன்று, எது வேண்டுமோ அதைப் பார்க்கக் கூடாது. முருங்கைக்காய் வேண்டுமென்றால் கத்தரிக்காயை விலை கேட்க வேண்டும். இரண்டாவது, எழுந்து போவது. பேச்சு படியாத இடத்தில் சுருளி தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறுவார், மறுபடி தோளில் போடுவார், நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். வேகமாகவும் போக மாட்டார். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தைத் தாண்டுவதற்கு அவசரமே இல்லாத நடை அது. அநேகமாக எல்லாரும் கூப்பிட்டுவிடுவார்கள். "அண்ணே, வாங்கண்ணே, கோவிச்சுக்கிராதீக." கூப்பிட்டவன் இறங்கிவிட்டான் என்று அர்த்தம். அதற்குப் பிறகு விலை சுருளியின் விலைதான். போனவர் தானாகத் திரும்பி வந்தால் இறங்கியது அவர். மலையிலும் சந்தையிலும் இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். சுருளி அதைச் சந்தையோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

காளீஸ்வரி இறந்துபோன பிறகு அப்பாவும் மகளும்தான் வீட்டில். ரேணுகா தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்குப் போனாள். அப்பா வாயை அப்படியே உரித்து வைத்தவள். சுருளி எதைப் பேரம் பேசி வாங்கி வந்தாலும், "நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கீக" என்பாள். அதிலிருந்து சண்டை ஆரம்பித்துச் சோறு ஆறும்வரை போகும். அந்த வீட்டில் அதற்குப் பெயர் சாப்பாட்டு நேரம்.

அவளுக்குத் தேவாரத்துப் பிரதீப்பைப் பிடித்துப்போயிற்று. சுருளிக்கும் பையனைப் பிடித்தது. அதனாலேயே அவனைச் சரியாகப் பார்க்காமல் இருந்தார். பேசி முடிக்கப் பங்காளி சின்ராசுவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தேவாரம் போனார். பையனின் அப்பா சீனிச்சாமி விவசாயம் பார்க்கும் சம்சாரி. நெளிவு சுளிவு இல்லாத ஆள்.

"நகை நட்டு, சீருசெனத்தி ஒண்ணும் வேண்டாங்க" என்றார் சீனிச்சாமி. "பிள்ளைக ரெண்டும் ஆசப்பட்டுருச்சுக. கல்யாணம் மட்டும் எங்க ஊருல, எங்க சாமி முன்னால நடக்கணும். அம்புட்டுத்தான்."

சுருளி திணறிப்போனார். எதுவுமே கேட்காத மனிதரிடம் எதைக் குறைப்பது? பேசுவதற்கு என்று மிஞ்சியிருந்தது கல்யாணம் நடக்கும் இடம் ஒன்றுதான். தேவாரத்தில் நடப்பதில் அவருக்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை. ஆனாலும் முதல் விலைக்கே தலையாட்டி அவருக்குப் பழக்கமில்லை.

"கல்யாணம் போடியில வைப்போம். மண்டபம் நான் பாத்துக்கிறேன்."

"இல்லீங்க. எங்க வழக்கம் அப்பிடி இல்ல."

"அப்பச் சரிப்படாது" என்று சுருளி எழுந்தார். துண்டை உதறினார். நடந்தார்.

தெருமுனை வந்தது. டீக்கடை வந்தது. பஸ் நிறுத்தமே வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. போடி பஸ்சு ஒன்று வந்து நின்று, அவர் ஏறாததால் போயிற்று. இன்னொன்றும் போன பிறகு சின்ராசு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. இஷ்டமில்லாதவுகள வற்புறுத்தக் கூடாதுன்னாரு. கேசரி நல்லாருக்கவும் இன்னொரு கரண்டி வச்சாக."

அதுதான் நடந்தது. வேண்டாம் என்று ஒருவர் எழுந்து போனால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று நினைக்கிற வீடு அது. சுருளி வாழ்நாளில் அப்படிப்பட்டவர்களிடம் வியாபாரம் செய்ததில்லை.

ரேணுகா கேட்டாள். "என்னப்பா ஆச்சு?"

"கூப்பிடுவாக."

ஒரு வாரம் கழித்தும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த வாரமும் சொன்னார்.

"அவுக சம்சாரிகப்பா. நீங்க வேண்டாம்னா வேண்டாம்னுதான் எடுத்துக்கிருவாக. நீங்கதான் திரும்பப் போய்ப் பேசணும்."

"நாமளாப் போனா எறங்கிட்டோம்னு ஆயிரும்."

"எறங்கினா என்ன? நான் என்ன ஏலக்கா மூட்டையா?"

அவள் தேனியில் தோழிகளோடு தங்கப் போய்விட்டாள். சில மாதங்கள் கழித்து ஒரு காலை நேரத்தில் வந்தாள். உட்காரவில்லை. "வைகாசியில தேதி வச்சிருக்கோம். தேவாரத்துலதான். வரணும்னு தோணுச்சுன்னா வாங்க."

சுருளியின் காதில் 'வாங்க' விழவில்லை, 'தோணுச்சுன்னா' விழுந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்பாள் என்று பேசாமல் இருந்தார். ரேணுகா சற்று நேரம் நின்றாள். பிறகு துப்பட்டாவை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் போகவில்லை.

அந்த நடை யாருடையது என்று சுருளிக்குத் தெரியாதா? வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 'நில்லு ஆத்தா' என்று ஒரு வார்த்தை போதும். தெருமுனையில் அவள் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். செருப்பில் கோளாறு ஒன்றுமில்லை. சரிசெய்ய இவ்வளவு நேரமும் ஆகாது. பிறகு நிமிர்ந்து, முனையைத் திரும்பிப் போய்விட்டாள். சுருளி கூப்பிடவில்லை. தொழில்முறையில் பார்த்தால் அவர் செய்தது சரி.

கல்யாணம் தேவாரத்தில் நடந்தது. சுருளி போகவில்லை. போடியில் இருந்தால், "மக நல்லாருக்காளாண்ணே?" என்று எவராவது கேட்டுவிடுகிறார்கள். ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டு, மலைச்சரிவில் தமக்கிருந்த சின்ன ஏலத்தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கேட்பதற்கு ஆளில்லை. வந்த நோக்கம் நிறைவேறியது. நிறைவேறியதுதான் பிறகு பெரிய உபத்திரவமாகப் போயிற்று.

காய் எடுக்கும் நாட்களில் பெண்கள் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். செடிகளுக்குள் உட்கார்ந்து உலகத்தையே பேசித் தீர்ப்பார்கள். பொழுது சாயுமுன் ஜீப்பு வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு இலைகளில் மழை சொட்டும் சத்தம்தான். அரிசி பருப்பு கொண்டுவரும் ஜீப்புக்கார முத்துப்பாண்டியிடம் சுருளி வாடகை பேச ஆரம்பிப்பார். குறைக்க வேண்டும் என்றில்லை, கொஞ்ச நேரம் போகும். முத்துப்பாண்டிக்கு அடுத்த லோடு காத்திருக்கும். "சரிண்ணே, நீங்க சொன்னதே குடுங்க. நான் வெரசாப் போகணும்" என்பான். சுருளிக்கு அதைவிட வேதனையான பதில் கிடையாது.

மழை விட்டு வானம் வெளுத்த சாயங்காலங்களில் தெற்கே தேவாரத்துத் தென்னந்தோப்புகள் தெரியும். சுருளி வேலியோரம் நின்று அந்தத் திசையைப் பார்ப்பார். கீழே மழை உண்டா என்று பார்ப்பதாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் சாத்தான் வந்தான்.

மத்தியான நேரம். மூட்டம் இறங்கிச் செடிகள் பாதி மறைந்திருந்தன. கொட்டகை வாசலில் மடிப்புக் கலையாத சட்டையும், மேலே துண்டு கிடக்கும் தோள்பையுமாக ஒருவன் நின்றான். மெல்லக் கந்தக வாடை வந்தது. ஏலமலையில் அந்த வாடை யாரையும் காட்டிக்கொடுக்காது. ஏதாவது ஒரு தோட்டத்தில் ஏதாவது ஒன்றை அடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

"என்ன மருந்து?" என்றார் சுருளி.

"மருந்து இல்லண்ணே."

"உரமா?"

"நான் விக்க வரலண்ணே. வாங்க வந்திருக்கேன். நான் சாத்தான்."

"எந்த ஊரு?"

"ஊருன்னு இல்ல. மலைக்கு ரெண்டு பக்கமும் என் லைன்தான்." அவன் பையை இறக்கி வைத்தான். "உங்க ஆத்மாவ வாங்கலாம்னு வந்தேன்."

சுருளி பயப்பட்டிருக்க வேண்டும். அறிமுகமில்லாத நபரிடம் பேச்சுக் கொடுக்காமலும் இருந்திருக்க வேண்டும். அவரோ பலகையைத் துடைத்து, "உக்காருய்யா" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவன் விலை பேச வந்திருக்கிறான்.

ஒரு சிக்கல் இருந்தது. சுருளி ஆயுள் முழுக்க வாங்கியவர், விற்றவர் அல்ல. விற்க உட்கார்ந்தும் வாய் மாறவில்லை.

"அது பழைய சரக்குய்யா. அடிபட்டுக் கெடக்கும். அதக் கொண்டுபோய் எந்த மார்க்கெட்டுல தள்ளுவ?"

"அப்பிடிச் சொல்லாதீங்கண்ணே. நல்ல ஆத்மா. இந்தக் காலத்துல கெடைக்கிறதில்ல."

"ஈரம் பட்டிருக்கும்."

"பரவால்லண்ணே, காயவச்சுக்கிருவோம்."

விற்கிறவர் சரக்கைப் பழிக்க, வாங்குகிறவன் மெச்ச, அன்றைய பொழுது போயிற்று. விலை படியவில்லை. சாத்தான் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மூட்டம் இறங்கும் நாட்களில் அவன் வருவது வழக்கமாயிற்று. சுருளி கொட்டகையைப் பெருக்க ஆரம்பித்தார். கட்டங்காப்பிக்கு இரண்டு டம்ளர் கழுவி வைத்தார். அவன் வருவான் என்று தோன்றுகிற நாளில் சட்டை போட்டுக்கொண்டார்.

சாத்தான் இளமையைத் தருகிறேன் என்றான்.

"எதுக்கு? மறுபடி மொதல்ல இருந்து மூட்ட தூக்கவா?"

ஏலக்காய் விலையை ஏற்றிவிடுகிறேன் என்றான்.

"எனக்கு மட்டுமா, ஊருக்கேவா? ஊருக்கே ஏறுச்சுன்னா மருந்துக்காரனும் ஏத்திருவான். போய்யா."

சாத்தானுக்கு ஒன்று புரிந்தது. இந்த மனிதர் விற்கவும் மாட்டார், போகச் சொல்லவும் மாட்டார். பேரம் முடிந்தால் தான் வர மாட்டேன் என்பதற்காகவே முடிக்காமல் வைத்திருக்கிறார். ஒரு நாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னான்.

"ரேணுகாவக் கொண்டாந்து உங்க கூடவே விட்டுர்றேன். கடைசிவரைக்கும் இங்கயே இருக்கும்."

சுருளி தோட்டத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஜீப்பு ஒண்ணு கேட்டா என்ன போட்டுத் தருவ?" என்றார்.

சாத்தான் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவன். முருங்கைக்காய் எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஜீப்பு இருக்கட்டும்ணே" என்றான் மெதுவாக.

சுருளி சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். அவரைத் தடுத்தது பக்தியோ பயமோ அல்ல, போடிப் பழக்கம். ஏலக்கூடத்தில் இன்று ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்கித்தான் விலை கேட்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கை சாம்பிள் தட்டில் வந்தாக வேண்டும். காயை நகத்தால் உரித்து, உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை வாயில் போட்டு மென்ற பிறகுதான் பொத்தானில் விரல் போகும். சாம்பிள் பார்க்காமல் மூட்டை எடுப்பவன் போடியில் இல்லை.

"சாம்பிள் கொண்டா. பாத்துட்டுச் சொல்றேன்."

"எங்க லைன்ல அப்பிடி வழக்கம் இல்லண்ணே."

"எங்க லைன்ல இருக்கு."

சாத்தான் யோசித்தான். "சரி. ஒரு பகல் பாருங்க. இது அசல் இல்ல, சாம்பிள்தான். அசல் தேவாரத்துல இருக்கும். பேரம் முடிஞ்சதும் அசலே வரும், சாம்பிள்ல பாத்த தரத்துல இம்மியும் மாறாது."

மறுநாள் காலை ரேணுகா தோட்டத்துப் பாதையில் ஏறி வந்தாள். அதே முகம், அதே பை, நெற்றியில் அதே சின்னப் பொட்டு. "நல்லாருக்கீகளாப்பா?" என்றாள். சுருளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவருக்குப் பிடித்த மாதிரி பருப்பைக் கெட்டியாகக் கடைந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொட்டகையில் இன்னொருவர் மெல்லும் சத்தம் கேட்டது. சுருளி தலையைக் குனிந்துகொண்டார்.

"தக்காளிய எம்புட்டுக்கு வாங்குனேன் தெரியுமா?" என்று சாப்பாட்டினிடையே ஆரம்பித்து, விலையையும் சொன்னார். நல்ல விலை இல்லை. முத்துப்பாண்டி அவசரத்தில் எங்கோ வாங்கி வந்தது. ஏமாந்துட்டீக என்று அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"சரிப்பா" என்றாள் ரேணுகா.

அவர் நிமிர்ந்தார்.

"போடி வீட்ட வித்துரலாமான்னு பாக்குறேன்."

"சரிப்பா."

"உங்கம்மா பீரோவ மட்டும் எடுத்துட்டு."

"சரிப்பா."

சுருளி சோற்றைப் பிசைந்தார். பிறகு, சொல்லக் கூடாததைச் சொன்னார். "உன் மாமனாரு ஒரு கூறுகெட்ட மனுசன். அந்தக் குடும்பமே அப்பிடித்தான். நீ அங்க போனதே தப்பு."

அசல் ரேணுகாவாக இருந்தால் தட்டு முற்றத்துக்குப் போயிருக்கும். இவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பருப்பு வைத்தாள். "சரிப்பா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

ஐந்து வயதிலிருந்து ரேணுகா 'ஆனா' சேர்க்காமல் 'சரி' சொன்னதில்லை. சுருளி அதற்கு மேல் சாப்பிடவில்லை. நல்ல பச்சையில், நல்ல பருமனில் இருக்கும் காயை நகத்தால் உரித்தால் உள்ளே விதையே இல்லாமல் போவதுண்டு. கையில் எடையில்லாமல் இருக்கும்போதே தெரிந்துவிடும். தெரிந்தாலும் உரித்துப் பார்க்காமல் மனம் விடாது. உரித்தும் பார்த்தாகிவிட்டது. பொழுது சாய அவள் எழுந்து, வந்த பாதையிலேயே இறங்கிப் போனாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, அவர் தலையாட்டும்வரை நின்று, அதன் பிறகே போனாள்.

மறுநாள் மூட்டத்தோடு சாத்தான் வந்தான். முகத்தில் பேரம் முடிந்த களை.

"எப்பிடிண்ணே?"

"சரக்கு சரியில்ல."

"என்னண்ணே இது. ஆளு அதேதான். எதுத்துப் பேசுறது, கோவிச்சுக்கிட்டுப் போறது, இதெல்லாம் கழிவுன்னு பொறுக்கி எடுத்துட்டோம். இதவிடச் சுத்தமா எங்க கெடைக்கும்?"

"நீ பொறுக்கி எடுத்தேன்னு சொன்ன பாரு, அதுதான்யா சரக்கு."

சாத்தான் விடவில்லை. ஆத்மாவில் பாதி போதும் என்றான். சுருளி அடுப்பைக் கிளறினார். கால் பங்கு என்றான். பிறகு, செத்த பிறகு எடுத்துக்கொள்கிறேன், வேறு எவராவது உரிமை கேட்டால் அவர்களுக்கே விட்டும் தருகிறேன் என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சரி, ஒண்ணுமே வேண்டாம். உங்களுக்காகச் சும்மாவே தர்றேன். இத்தன நாள் காப்பி குடுத்திருக்கீக" என்றான்.

சுருளி வாழ்நாளில் எந்த விலையையும் பூஜ்யத்துக்கு இறக்கியதில்லை. அம்மனிடம்கூடப் பொங்கலில்தான் நின்றது. சாத்தானை இறக்கிவிட்டார். மலையில் எந்தக் கொள்முதல் ஆளிடம் சொன்னாலும் நம்ப மாட்டான்.

"வேண்டாம்" என்றார்.

"சும்மா தர்றதயா?"

"அவள இப்பிடி ஆக்கி எனக்குக் குடுத்தா, தேவாரத்துல இருக்குற அவ இல்லாமலே போயிருவாளே."

சாத்தான் எழுந்தான். தோள்பையின் மேல் கிடந்த துண்டை எடுத்து உதறினான். மறுபடி போட்டுக்கொண்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. பாதை வளையும் இடத்தில் குனிந்து செருப்பில் ஏதோ செய்தான்.

சுருளி பலகையின் நுனிக்கு நகர்ந்தார். சாத்தானாகவே இருக்கட்டும். அவன் போய்விட்டால் நாளை மத்தியானம் யாரோடு பேசுவது? அந்த வளைவுக்கு அப்பால் மழைக்காலம் முழுவதும் காத்திருந்தது. கூப்பிடத் தோன்றியதா என்றால், தோன்றியது. எழுந்து வாசல்வரை வந்துவிட்டார். ஆனால் செருப்பைச் சரிசெய்யும் அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, அவருக்கு அங்கே நிற்பது சாத்தானாகத் தெரியவில்லை. போடித் தெருமுனை தெரிந்தது. கோளாறே இல்லாத செருப்பு ஒன்று தெரிந்தது.

சாத்தான் நிமிர்ந்து, சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். சுருளி இரண்டு டம்ளரில் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தார். இன்னொன்றையும் கழுவினார். அன்றைக்கு முழுக்க மழை. ஜீப்புகூட ஏறி வரவில்லை.

மழை விட்ட காலையில் முத்துப்பாண்டி வந்தான். சுருளி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். போடிவரை இறக்கிவிட என்ன கேட்கிறாய் என்றார். வழக்கம்போலக் குறைத்துக் கேட்பார் என்று அவன் கொஞ்சம் கூட்டியே சொன்னான். சுருளி சட்டைப் பையிலிருந்து அவன் கேட்டதை அப்படியே எடுத்து நீட்டினார்.

முத்துப்பாண்டி பணத்தை வாங்காமல் அவர் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, உடம்புக்கு முடியலயா? ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா?"

"தேவாரம் பஸ்சு நிக்கிற எடத்துல விடு."

பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். பக்கத்தில் இருந்தவர் எந்த ஊருக்கு என்று கேட்டதற்குத் தேவாரம் என்றார். அங்கே யார் என்றதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சம்பந்தி வீடு என்று சொல்லும் உரிமை தமக்கு இருக்கிறதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

சீனிச்சாமி வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. முந்தைய இரவு மலையிலிருந்து யானை இறங்கித் தென்னங்கன்றுகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்ததால் எல்லாரும் தோட்டத்தில். ரேணுகா மட்டும் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"இங்க யாரு கூப்பிட்டா உங்கள?"

"யாரும் கூப்பிடல."

"கல்யாணத்துக்கு வழி தெரியல. இப்ப மட்டும் எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"பஸ்சுல வந்தேன்."

"பஸ்சு அப்பயும் ஓடுச்சு." குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது. "தெருமுனையில எம்புட்டு நேரம் நின்னேன் தெரியுமா? நம்ம முனை டீக்கடக்காரரு வந்து என்னம்மா செருப்பு வாரு அந்துருச்சான்னு கேக்குறாரு. நீங்க வாசல்ல நின்னு வேடிக்க பாக்குறீக. எல்லாத்தயும் வெல பேசுன மனுசனுக்குப் பெத்த மகள ஒரு வார்த்த கூப்பிட வாய் வரல. இப்ப எதுக்கு வந்தீக, எதக் கொறைக்க வந்தீக?"

சுருளி ஒன்றையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

"சும்மா நிக்காதீக. போறதுன்னாப் போங்க. இங்க யாரும் பின்னால வந்து கூப்பிட மாட்டாக."

அவர் கை பழக்கத்தில் தோள்துண்டுக்குப் போயிற்று. ரேணுகா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருளி துண்டை உதறவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, யாரும் கூப்பிடாத அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.